முதல் குரலுக்கே வருகிறவள்

நேற்று அந்தக் கல் தட்டையாக இருந்தது.

அறிவிப்பாளருக்கு அதில் சந்தேகமே இல்லை. நேற்று ஒத்திகையின்போது, தொண்டையை நனைத்துக்கொள்ளக் கொடுத்த தண்ணீர் டம்ளரை இதே வாசற்படிக் கல்லின் மேல்தான் வைத்திருந்தார். பேசி முடித்து எடுக்கும்வரை அது அசையாமல் நின்றது. இன்று அதே இடத்தில் வைத்து விரலை எடுத்ததும் டம்ளர் மெல்லக் கதவுப் பக்கமாகச் சாய்ந்தது. பிடித்துக்கொண்டார். ஆனால் சிந்திய தண்ணீர் படியில் தேங்கவில்லை. ஏதோ அவசர வேலை இருப்பதுபோல நேராக ஓடி, இரும்புக் கதவின் அடியில் புகுந்து, உள்ளே போய்விட்டது.

குனிந்து பார்த்தார். கதவை ஒட்டி, கல் குழிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கால்கள் மிதித்து மிதித்து உண்டாகும் வழுவழுப்பான குழி. அதன் பெரும்பகுதி கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இங்கே தெரிந்தது விளிம்பு மட்டும்தான்.

பூங்கொத்துகளைத் தூக்கிக்கொண்டு போன ஊழியரை நிறுத்திக் காட்டினார். ஐந்நூறு வருஷத்துக் கல்லில் பள்ளம் இல்லாமல் மேடா இருக்கும் என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நியாயமான பதில்தான். நியாயமான பதில்களால் ஆறுதல் கிடைத்த வயதை அறிவிப்பாளர் தாண்டியிருந்தார்.

காலவழி ஆய்வு நிலையத்தின் அந்தக் கீழ்த்தளத்துக்குப் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. குழல் விளக்குகளின் வெளிச்சம் மட்டும். மேலே எழும்பிய கட்டடம் எல்லாம் புதிது. கீழே இந்த ஒரு சுவரும் அதற்குப் பின்னாலுள்ள சின்ன அறையும் பதினைந்தாம் நூற்றாண்டில் தானியம் கொட்டிவைத்த கிடங்கின் மிச்சம். காலப்பயணத்துக்கு, இரண்டு காலத்திலும் நிற்கிற கல் ஒன்று வேண்டுமாம். போகிறவர் அந்த அறைக்குள் புகுந்து போவார். வேலை முடிந்ததும் அதே அறைக்குள் வந்து காத்திருப்பார். திரும்பி வர இயந்திரம் உதவாது. அங்கிருந்து பார்த்தால் எல்லாக் காலமும் ஒரே இருட்டு. வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் நெருங்கிய உறவு ஒருவர் கதவருகே நின்று, வீட்டில் கூப்பிடும் பெயரால் கூப்பிட வேண்டும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். வந்ததும் கதவைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இந்த ஊரில் காலப்பயணம் தொடங்கியது ஆராய்ச்சிக்காக அல்ல, சிலைக்காக. சதுக்கத்தில் குதிரைமேல் உருவிய வாளோடு நிற்கும் நகரத் தந்தை, பதினைந்தாம் நூற்றாண்டில் பகைவர் படையை ஆற்றங்கரையில் ஓட ஓட விரட்டியவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முதலில் போய்வந்த வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது. நகரத் தந்தைக்குக் குதிரை என்றால் பயம், கோவேறு கழுதையில்தான் போவார், போர் நாளன்று முதுகில் கட்டி கிளம்பி வீட்டில் குப்புறப் படுத்திருந்தார், போர் என்பது இரண்டு ஊர்க்காரர்கள் காணாமல் போன மாடுகளுக்காகக் கல்லெறிந்துகொண்டதுதான் என்று அவர் வந்து சொன்னார். நிலையம் அதைத் திருத்தி, ‘ஓய்விலிருந்தபடியே போரை வழிநடத்தினார்’ என்று வெளியிட்டது. வரலாற்று ஆசிரியருக்கும் நீண்ட ஓய்வு கொடுத்தது. அவரைக் கூப்பிட வந்த மனைவி மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அவர் கதவுக்கு வந்தார் என்றும், வீட்டிலும் அப்படித்தான் என்று அந்த அம்மாள் சொன்னாள் என்றும் இங்கே இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருக்குப் பிறகு அனுப்பப்பட்டவள் அறிவிப்பாளரின் மகள். போரே நடக்கவில்லை என்றால் என்ன எழுதுவது என்று அவள் இயக்குநரிடம் கேட்டிருக்கிறாள். நடந்த மாதிரி இருந்ததா என்று பார்த்தால் போதும் என்று அவர் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்து தரையில் உருண்டு சிரித்தாள்.

அவளுக்கு வீட்டில் கடுகு என்று பெயர். பிறந்தபோது அந்த அளவுதான் இருந்தாள் என்று அவள் அம்மா வைத்தது. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அறிவிப்பாளர் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகும்போதெல்லாம் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார். ரயில்கள் தாமதமாகும், அவர் குரல் ஒருநாளும் தாமதமானதில்லை. ஒருநாள் கூட்டத்தில் குழந்தையைக் காணவில்லை. அவர் ஒலிபெருக்கியில் இரண்டு ரயில்களுக்கு நடுவே, அதே கம்பீரத்தோடு சொன்னார்: “கடுகு, எங்கிருந்தாலும் அப்பாகிட்ட வா. அப்பா இங்கதான் நிக்கிறேன்.” பெட்டிகளுக்கும் கால்களுக்கும் நடுவே புகுந்து ஓடிவந்தாள். அன்றிலிருந்து முதல் குரலுக்கே வந்துவிடுவாள். இரண்டாவது தடவை அவர் கூப்பிட்டதே இல்லை.

போகிற அன்றும் அதைத்தான் சொன்னாள். “பயப்படாதப்பா. உன் குரல் கேட்டா நான் கதவுல நிப்பேன். நீ வாயை மூடறதுக்குள்ள.”

இயக்குநரை நிலையத்தில் எல்லாரும் முகவுரை என்றுதான் சொல்வார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர் பேச்சு முகவுரையைத் தாண்டுவதற்குள் காபி ஆறிவிடும். நேற்றைய ஒத்திகையும் அவர் ஏற்பாடு. கடுகு திரும்பி வரும் விழாவில் அமைச்சர் வந்து நாடா வெட்டும்போது படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக. கதவில் சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. சாவி பூட்டிய பெட்டிக்குள், வெல்வெட் துணிமேல். மகளின் தோழியான பெண் பொறியாளர், சும்மா உதட்டை அசைத்தால் போதும் என்றாள். முகவுரை ஒப்பவில்லை. உணர்ச்சி வேண்டும், ஒலிப்பதிவுக்காரருக்கு அளவு பார்க்க வேண்டும், கதவு பூட்டியிருக்கும்போது குரல் அந்தப் பக்கம் போகாது என்று நிலைய விதியே இருக்கிறது என்றார். விதியை எழுதியவரும் அவர்தான்.

அறிவிப்பாளர் வாழ்நாளில் வெறும் உதட்டை அசைத்தவர் அல்ல. காலி நடைமேடைக்கும் முழுக் குரலில் ரயில் அறிவித்தவர். நிமிர்ந்து நின்றார், அன்று ரயில் நிலையத்தில் சொன்ன அதே சொற்களால் கூப்பிட்டார். முகவுரை கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, அது பதிவானதா என்று ஒளிப்பதிவாளரைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெத்தென்று, தோள் உயரத்தில், கதவுக்குப் பின்னால். விழாவுக்கு மேடை அடிக்கிறார்கள் என்றார் முகவுரை. மேடையும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அறிவிப்பாளர் வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், படுத்தார். காதுக்குள் மட்டும் ஏதோ ஒன்று முட்களில்லாத கடிகாரம்போல ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று மேடையில் யாரும் ஆணி அடிக்கவில்லை.

நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. வாசனைத் திரவியமும் புதுத் துணியும் பூவும் கலந்த வாடைக்கு அடியில், யாரும் கவனிக்காத இன்னொரு வாடை தரையோடு தவழ்ந்து வந்தது. நனைந்து காயாத கம்பளி, அணைந்த கொழுப்பு விளக்கு, வெகுநாள் மூடிக்கிடந்த தானியம், இவற்றுக்கெல்லாம் அடியில் மழை தொடாத கல்லின் வறட்டு வாடை. அறிவிப்பாளர் கதவின்மேல் காதை வைத்தார். இரும்பு குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள், மெத்து, மெத்து, பிறகு ஒரு நீண்ட தேய்ப்பு. மெத்து, மெத்து, தேய்ப்பு.

அந்தத் தட்டல் அவருக்குத் தெரியும். கடுகுக்கு அழைப்புமணி எட்டாத வயதில் வந்த பழக்கம் அது. உள்ளங்கையால் கதவை இரண்டு தடவை தட்டி, அப்படியே கீழே தடவுவாள். வேலைக்குப் போகும் பெண்ணான பிறகும் மணியை அழுத்தியதில்லை.

பொறியாளரைத் தேடிப் பிடித்து இழுத்துவந்து கதவில் காதை வைக்கச் சொன்னார். கேட்டாள். அவள் முகத்திலிருந்து ஏதோ வடிந்துபோயிற்று. படிக்கல்லைப் பார்த்தாள், அதைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“ரெண்டு நாள் முன்னாடியே வந்து அறையில காத்திருன்னு சொல்லி அனுப்பினோம் அங்கிள்,” என்றாள். “ஒத்திகைன்னு ஒண்ணு வைப்போம்னு சொல்லி அனுப்பல.”

“வந்துட்டாளா?”

“நேத்தே வந்துட்டா. நாமதான் திறக்கல.”

இனி அந்த அறை அந்தக் காலத்திலும் இல்லை, இந்தக் காலத்திலும் இல்லை என்று அவள் விளக்கினாள். வந்தவர் திரும்பிப் போக முடியாது. திறக்காதவரை இங்கேயும் வர முடியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள வருஷங்கள் அத்தனையும் அந்த நாலு சுவருக்குள்தான் கிடக்கின்றன. நேற்றிலிருந்து இன்றைக்குள் ஒரு கல் இவ்வளவு குழிந்திருக்கிறது என்றால், உள்ளே எத்தனை நூறு வருஷம் ஓடியிருக்கும்? பசிக்குமா, வயதாகுமா, சாவு வருமா என்று அவர் கேட்டார். யாரும் உள்ளே இருந்து பார்த்ததில்லை என்றாள். பிறகு முகவுரையிடம் ஓடினாள்.

முகவுரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ரயில் தாமதமானால் பயணிகளைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று அறிவிப்பாளருக்குத் தெரியாததா என்று தோளில் தட்டிக் கொடுத்தார்.

“மந்திரி வந்துக்கிட்டே இருக்கார் சார். பத்தே நிமிஷம். பொண்ணு எங்க போயிடப் போறா?”

சாவி எங்கே என்று கேட்டதற்கு, அது அமைச்சரோடுதான் தட்டில் வரும் என்றார்.

அறிவிப்பாளர் படியில் மண்டியிட்டார். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குழியின் விளிம்பில் மெல்லச் சாய்த்தார். தண்ணீர் கதவுக்கு அடியில் போயிற்று. தட்டுவது நின்றது. பிறகு, கதவின் அடியில், தரையோடு தரையாக, நாய்க்குட்டி பால் குடிப்பதுபோலச் சின்னச் சின்ன ஒலி. குடித்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எழுந்து ஓடி, வாசலில் அடுக்கியிருந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தார். அது விருந்தினர்களுக்கு என்று ஊழியர் தடுத்தார். கேனில் இருக்கிறது, மாடியில். படியேறிப் போய், பிடித்துக்கொண்டு, படியிறங்கி வருவதற்குள் அமைச்சர் வந்துவிட்டிருந்தார். கூட்டம் எழுந்து நின்றது. அதற்கு நடுவே புகுந்து, கதவருகே மண்டியிட்டு, இரண்டாவது தடவை ஊற்றினார். காது வைத்துக் கேட்டார்.

நாக்கின் ஒலி வரவில்லை. ஈரக் கல்லில் கல் உரசும் ஒலி வந்தது.

முகவுரை வரவேற்புரை தொடங்கினார். பதினைந்தாம் நூற்றாண்டு நமக்கு என்ன தந்தது என்று கேட்டார். கூட்டத்துக்குத் தெரியாததால் அவரே சொன்னார். நிலையத்தின் பழைய நிலைமையையும், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக இருந்ததைத் தாம் வந்து தூக்கி நிறுத்தியதையும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அதன் கடைசி நாலைந்து தட்டல்கள் ஓய்ந்த பிறகும் ஒன்று மட்டும் ஓயவில்லை. மெத்து. மெத்து. தேய்ப்பு.

அறிவிப்பாளரைக் கதவுக்கு நேரே, முன்வரிசை ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து கதவு முழுவதும் தெரிந்தது. காலையில் பூசிய சாம்பல் வண்ணம், தோள் உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய வலைபோல வெடித்திருந்தது. இரும்பு அங்கே தகடாக மெலிந்து, ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் வெளியே புடைத்து, அடங்கியது. புடைப்பு உள்ளங்கை அளவு. அதற்குக் கீழே, மார்பு உயரத்தில், இன்னொன்று. அது முன்பு இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்ணம் வெடித்தது.

உட்கார்ந்து தட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். நின்று நின்று கால் வலித்திருக்கும். உட்கார்ந்திருப்பாள்.

அமைச்சர் எழுந்தார். கையில் கனத்த தாள்கட்டு. நகரத் தந்தையின் குதிரையைப் பற்றித் தொடங்கினார்.

இடுப்பு உயரத்தில் வண்ணம் வெடித்தது.

உட்கார்ந்திருந்தால் ஏன் இன்னும் கீழே வருகிறது? படுத்தா தட்டுகிறாள்? இல்லை. தட்டலின் கனம் குறைந்திருந்தது. புடைப்பின் அகலமும். முதலில் ஐந்து விரலும் தெரிந்த புடைப்பு. அடுத்ததில் விரல்கள் குட்டை. இப்போது விரல்களே இல்லை. வெறும் வட்டம். கல் குழிந்திருக்கிறது. இரும்பு மெலிந்திருக்கிறது. கல்லையும் இரும்பையும் தேய்த்தது எது? தேய்த்ததும் தேயும் இல்லையா?

குழல் விளக்கின் இரைச்சல். தாள் புரளும் ஓசை. அந்தத் தாளை அமைச்சர் புரட்டுவதற்குள் உள்ளே எத்தனை குளிர்காலம்.

அறிவிப்பாளர் எழுந்துபோய்க் கதவில் வாயை வைத்தார். அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்து வந்தது.

“கடுகு. போதும்மா. தட்டாத. சும்மா உக்காரு.”

சத்தம் நின்றது.

சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட அந்த மௌனம், எந்தச் சத்தத்தையும்விட மோசமாக இருந்தது. அமைச்சர் ஒரு நொடி நிறுத்தி, பெரியவரின் பாசத்தைக் கூட்டத்துக்குச் சுட்டிக்காட்டினார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முகவுரை ஒளிப்பதிவாளருக்குச் சைகை காட்டினார். பேச்சு தொடர்ந்தது. இன்னும் போருக்கே வரவில்லை.

முழங்கால் உயரத்தில், மிக மெதுவாக. மெத்து.

பொறுக்க முடியாமல் தட்டிவிட்டாள். கேட்டுவிடுமோ என்று பயந்து தட்டிய தட்டல் அது. வீட்டில் திட்டு வாங்கிய பிறகு இப்படித்தான் தட்டுவாள்.

அறிவிப்பாளர் மேடையேறினார். யாரும் தடுக்கவில்லை, நிகழ்ச்சியில் இருக்கிறது என்று நினைத்தார்கள். தட்டில் வெல்வெட் துணிமேலிருந்த சாவியை எடுத்தார். முகவுரையின் கை அவர் கையைப் பிடித்தது. சிரித்த முகம் மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு முகவுரை சொன்னார்.

“பேச்சு முடியட்டும் சார்.”

“எம் பொண்ணு முடிஞ்சு போயிடுவா,” என்றார் அவர்.

கையை உதறினார். இறங்கினார். நாடா குறுக்கே வந்தது, கத்தரிக்கோலைத் தேடவில்லை. பல்லால் இழுத்து அறுத்தார். சாவி துளையில் திரும்பியது. சுலபமாக. உள்ளே இருந்த நாதாங்கி என்றைக்கோ தேய்ந்து போயிருந்தது.

கதவு திறந்தது.

அறை ஒரு கிண்ணம்போல இருந்தது. தரை குழிந்து குழிந்து பள்ளமாகி, சுவர்கள் மூலையே இல்லாமல் உருண்டு, ஆற்றுக்கல்போல மினுங்கின. கதவின் உட்புறத்தில் ஒரு நீண்ட தடம், தோள் உயரத்தில் தொடங்கி, மார்பு, இடுப்பு, முழங்கால் என்று இறங்கி இறங்கி வந்தது. தூசி இல்லை. எலும்பு இல்லை. யாரும் இல்லை.

காலடியில் பார்த்தார்.

படியின் குழிக்குள், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, அது உட்கார்ந்திருந்தது. குழந்தை அளவு. வெளுப்பாக, வழுவழுப்பாக. காது இருந்த இடம் மழுங்கியிருந்தது. மூக்கு இருந்த இடம் ஒரு மேடு. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு மெல்லிய நிழல். வெளிச்சம் பட்டதும் அது முகத்தை நிமிர்த்தியது. கையை உயர்த்தியது. மணிக்கட்டோடு முடிந்த இரண்டு கைகள். தூக்கு என்று கேட்கிற குழந்தையைப்போல.

பின்வரிசையில் கைதட்டத் தொடங்கினார்கள். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி விழுந்தது. பொறியாளர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அமைச்சர் தாளை விட்டுத் தலை நிமிரவில்லை, போருக்கு வந்திருந்தார்.

அறிவிப்பாளர் மண்டியிட்டு வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

அது பேசியது. வாய் என்று ஒரு கீறல் மிச்சமிருந்தது. உள்ளே அத்தனை காலமும் அதற்குத் துணையிருந்த சொற்கள் அவ்வளவுதான் போலிருக்கிறது. மற்றவை எல்லாம் தேய்ந்துவிட்டன. அவருடைய குரலிலேயே சொன்னது. அவர் நிமிர்ந்து நின்று காலி நடைமேடைக்குச் சொல்வதுபோன்ற அதே கம்பீரத்தில்.

“கடுகு, எங்கிருந்தாலும் அப்பாகிட்ட வா. அப்பா இங்கதான் நிக்கிறேன்.”

தூக்கினார். கனமே இல்லை. அது அவர் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டது. கைதட்டல் முன்வரிசைவரை பரவி வந்துகொண்டிருந்தது. அவர் முதுகில், இல்லாத உள்ளங்கையால், அது தட்டத் தொடங்கியது. மெத்து. மெத்து.

பிறகு கீழ்நோக்கி ஒரு நீண்ட தேய்ப்பு. திறக்கச் சொல்லி.